பாலைவன வெள்ளம், ஆறு, புழுதிப்புயல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலைவனம் என்றதும் எல்லோருக்கும் தாகம்தான் நினைவுக்கு வரும். அங்கே வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறவர்களும் உண்டு, கண் தெரியாத புழுதியில் வண்டி மோதிச் சாகிறவர்களும் உண்டு. வெள்ளம், ஆறு, புழுதி மூன்றையும் தனித்தனியாகவே பேசுகிறோம். ஆனால் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் பிறகு புழுதியாகப் பறக்கிறது. புழுதியைக் கிளப்பும் அதே மேகம்தான் பல நேரம் வெள்ளத்தையும் கொட்டுகிறது. அதனால் மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

மழையே இல்லாத இடத்தில் வெள்ளம் எப்படி வரும்?

மழை இல்லாத இடம் அல்ல, அரிதாகப் பெய்யும் இடம். ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் நிலத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். அந்தக் கொஞ்ச மழையும் ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்வதில்லை. பல மாதம் ஒரு சொட்டும் விழாது. அப்புறம் ஒரே மாலையில் ஓராண்டு மழை கொட்டித் தீர்க்கும்.

கொட்டும் நீரைத் தாமதப்படுத்த அந்த நிலத்தில் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். காட்டில் இலையும் வேரும் சருகும் மழையின் வேகத்தைத் தணிக்கும். வெற்று மண்ணில் பெரிய துளிகள் நேராக மோதும்போது, சிதறும் நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். சில நிமிடங்களில் மேற்பரப்பு ஓடு போல இறுகிவிடும். பாறைச் சரிவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படி ஊறாமல் வழிந்த நீர் சிற்றோடைகளில் இறங்கி, ஓடைகள் சேர்ந்து, ஒரு குறுகிய வாய் வழியே வெளியே வருகிறது. நூறு சதுர கிலோமீட்டரில் மெல்லிய படலமாக விழுந்த மழை, சில மீட்டர் அகலமுள்ள பள்ளத்தில் சுவராக நிற்பது இதனால்தான்.

குளிர்ப் பாலைவனங்களுக்கும் இதே கதிதான். ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மட்டுமே மழை பெறும் லடாக்கின் லே பகுதியில், 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டிப் பெய்த பெருமழையும் சேற்று வெள்ளமும் 200-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின.

மணல் தண்ணீரை உறிஞ்சிவிடாதா?

மணல் உறிஞ்சும். ஆனால் பாலைவனம் முழுவதும் மணல் என்று யார் சொன்னது? சகாராவிலேயே மணற்கடல்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். மீதி சரளை, பாறை, களிமண் தரை.

மணல் இருந்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில், வழக்கமான ஓராண்டு மழையைவிட அதிகமாகச் சில நாட்களில் கொட்டியது. அங்கே நிலத்தடியில் ஜிப்சம் அடுக்கு இருக்கிறது. நீர் கீழே இறங்க வழியில்லாமல் கவாஸ் கிராமமும் சுற்றுப்புறமும் மாதக்கணக்கில் ஏரியாகக் கிடந்தன. தார் பாலைவனத்தில் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது.

நான் இருக்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தால் பயமில்லைதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். உங்கள் தலைக்கு மேல் உள்ள வானத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் நிற்கும் பள்ளத்துக்கு எங்கெங்கிருந்தெல்லாம் தண்ணீர் இறங்கும், அங்கே வானம் எப்படி இருக்கிறது, அதுதான் கேள்வி.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் பள்ளத்தாக்கு என்று ஒரு இடம். செந்நிற மணற்பாறையை வெள்ளங்களே அறுத்து உண்டாக்கிய குறுகலான பிளவு அது. படம் எடுக்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று பள்ளத்தாக்கில் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப்பகுதியில் இடிமழை பெய்தது. அந்த நீர் பிளவுக்குள் பாய்ந்தபோது உள்ளே இருந்தவர்களில் 11 பேர் இறந்தார்கள். மேலே ஏற இரண்டு பக்கமும் வழுவழுப்பான சுவர், ஓட முன்னும் பின்னும் மட்டுமே வழி.

2015 செப்டம்பர் 14 அன்று யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவில் இதேபோன்ற ஒரு பிளவுக்குள் இறங்கிய ஏழு பேர் கொண்ட குழுவில் ஒருவரும் திரும்பவில்லை. திடீர் வெள்ளம் வரக்கூடும் என்ற எச்சரிக்கை அன்று இருந்தது. குறுகிய பிளவுகளுக்குள் போகிறவர்கள் அன்று காலையில், மேல்பகுதிக்கும் சேர்த்து, முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் போக வேண்டாம். இதில் பேரம் பேச இடமே இல்லை.

வெள்ளம் வருவதை முன்கூட்டியே உணர முடியுமா?

சில நேரம் முடியும், ஆனால் கிடைப்பது நிமிடங்கள்தான். தெளிந்த ஓடை திடீரெனக் கலங்குவது, குச்சிகளும் சருகுகளும் நுரையோடு மிதந்து வருவது, மேல்புறத்திலிருந்து இடைவிடாத உறுமல் கேட்பது, ஈரமண் வாடையோடு காற்று பள்ளத்துக்குள் வீசுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஓடையின் போக்கில் ஓடாதீர்கள், பக்கவாட்டில் மேலே ஏறுங்கள். தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். பையை எடுக்கத் திரும்பக் கூடாது.

முன்னால் வந்த வெள்ளம் எட்டிய உயரமும் சுவரிலேயே எழுதியிருக்கும். பாறை இடுக்கில் மரத்துண்டு செருகியிருந்தால் முந்தைய வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது.

வந்துகொண்டிருப்பது வெறும் தண்ணீர்தானா?

இல்லை. மண், கல், வேரோடு பிடுங்கிய மரம், சில நேரம் வண்டி அளவுள்ள பாறை. செங்குத்தான சரிவுகளில் இது சேற்றோட்டமாகவே மாறிவிடும். நீச்சல் தெரிந்தவர் என்பதால் பிழைக்க முடியாது. அடிபட்டுத்தான் பலர் சாகிறார்கள்.

சாலையை வெள்ளம் கடந்து ஓடுகிறது. காரில் மெதுவாகப் போய்விடலாமா?

கூடாது. ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். 30 செ.மீ. சிறிய காரை மிதக்க வைத்துவிடும். 60 செ.மீ. என்றால் பெரிய ஜீப் வகை வண்டிகளும் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, கலங்கிய நீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. பாலைவன வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்தும் போகும். பெரும்பாலும் சில மணி நேரம் காத்திருந்தால் போதும்.

உலர்ந்த ஆற்றுப் படுகையில் கூடாரம் போடலாமா?

வேண்டாம். மணல் மெத்தையாக இருக்கும், காற்றுக்கு மறைவாக இருக்கும், இரண்டு மரங்கள் நிழலும் தரும். இரவில் வெள்ளம் வந்தால் நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். கரை மேட்டில் போடுங்கள்.

பழங்காலத்தில் பாலைவன மக்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

நம்மைவிட நன்றாகவே சமாளித்தார்கள் என்பது என் எண்ணம். ஜோர்டானின் பெட்ரா நகரைக் கட்டிய நபத்தியர்கள் தங்கள் நகரின் வாசலே ஒரு குறுகிய பிளவு என்பதை அறிந்திருந்தார்கள். சீக் எனப்படும் அந்தப் பிளவின் வாயில் அணை கட்டி, வெள்ளம் அதற்குள் நுழையாமல் பாறையைக் குடைந்து ஒரு சுரங்க வாய்க்கால் வழியே வேறு பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டு பழைய வேலை. பராமரிப்பில்லாமல் அது சிதைந்து கிடந்த காலத்தில், 1963-இல், சீக்குக்குள் வெள்ளம் புகுந்து 20-க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அதன் பிறகு அதே இடத்தில் மறுபடி அணை கட்டினார்கள்.

வெள்ளத்தைத் திருப்புவது மட்டுமல்ல, அதைப் பயிராக்கவும் தெரிந்திருந்தது. நெகேவ் பாலைவனத்தில் ஆண்டுக்குச் சுமார் 100 மி.மீ. மழையை வைத்து நபத்தியர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் விவசாயம் செய்தார்கள். ஒரு பங்கு வயலுக்கு இருபது முப்பது பங்கு சரிவு நிலத்தின் வழிநீரைக் கல்வரப்புகளால் கூட்டி வந்தார்கள். ஜெய்சல்மர் பகுதியில் 15-ஆம் நூற்றாண்டில் பாலிவால் சமூகத்தினர் உருவாக்கிய கதீன் முறையும் இதே அறிவுதான்: சரிவின் கீழ்முனையில் நீண்ட மண்கரை போட்டு, வழிந்து வரும் நீரை நிற்கவைத்து, மண்ணில் ஊறவிட்டு, அந்த ஈரத்திலேயே குளிர்காலப் பயிர் எடுப்பது. நீரோடு வரும் வண்டலும் வயலிலேயே தங்கும். இன்றும் கதீன்கள் பயனில் இருக்கின்றன.

இவ்வளவு வசதியுள்ள இன்றைய பாலைவன நகரங்கள் ஏன் மூழ்குகின்றன?

நீரின் வழியில் வீடு கட்டியதால். சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் 2009 நவம்பர் 25 அன்று சில மணி நேரத்தில் சுமார் 90 மி.மீ. மழை பெய்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரம் கிழக்கே மலையடிவாரத்தை நோக்கி விரிந்தபோது வாடிகள், அதாவது மழைக்கு மட்டும் ஓடும் ஆறுகள், தெருக்களாகியிருந்தன. பத்து இருபது ஆண்டுகள் தண்ணீர் வராத பள்ளத்தை மனை என்று விற்பது எளிது. பள்ளம் தன் வேலையை மறப்பதில்லை.

2024-இல் துபாய் மூழ்கியது செயற்கை மழையால்தானே?

இல்லை. 2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தில் பெய்தது 1949-இல் பதிவுகள் தொடங்கிய பின் அங்கே கண்ட மிகப் பெரிய மழை. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ. பதிவானது. அது பல நாடுகளை மூடிய பெரிய காற்றழுத்த அமைப்பு. நாட்கணக்கில் முன்பே கணிக்கப்பட்டது, பக்கத்து ஓமானிலும் உயிர்களைப் பறித்தது. மேகவிதைப்பு, அதாவது செயற்கை மழைக்காக மேகத்தில் துகள்களைத் தூவுவது, ஏற்கெனவே இருக்கும் மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாக மழை பெற உதவலாம். இப்படியொரு புயலை உண்டாக்காது.

பாலைவனத்தின் நடுவே நைல் போன்ற ஆறு எப்படி வற்றாமல் ஓடுகிறது?

அந்தத் தண்ணீர் பாலைவனத்துக்குச் சொந்தமில்லை. எத்தியோப்பிய மலைகளிலும் கிழக்கு ஆப்பிரிக்க ஏரிப் பகுதியிலும் பெய்த மழை அது. சூடானில் அத்பரா ஆறு கலந்த பிறகு மத்தியதரைக் கடல் வரை 2,000 கி.மீ.க்கு மேல் நைலுக்கு ஒரு துணையாறுகூட இல்லை. வெயிலும் மணலும் குடித்தது போக மிஞ்சும் அளவுக்கு மூலத்தில் தண்ணீர் இருக்கிறது, அவ்வளவுதான். சிந்து, கொலராடோ, யூப்ரடீஸ் எல்லாம் இந்த வகை. மூலத்தில் அணை கட்டினால் பாலைவன முனையில் ஆறு செத்துப்போகும் என்பதும் இதனால்தான். கொலராடோ ஆறு இப்போது பெரும்பாலும் கடலைத் தொடுவதில்லை.

போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ இன்னும் வியப்பானது. அங்கோலா மேட்டுநிலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழை சமவெளியில் மெதுவாக ஊர்ந்து வந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதாவது சுற்றிலும் கடும் வறட்சி நிலவும் மாதங்களில், களஹாரி மணலில் விரிந்து வெள்ளக்காடாகிறது. விலங்குகள் கூட்டம் கூட்டமாக வருவதும் அப்போதுதான். அந்த நீர் எந்தக் கடலுக்கும் போவதில்லை.

கடலுக்குப் போகாமல் ஆறு எங்கே முடியும்?

ஆவியாகி, மண்ணில் ஊறி, உப்புத் தரையில் முடியும். அரவல்லியில் பிறக்கும் லூனி ஆறு பாலோத்ரா வரை நல்ல நீர்; அதற்குக் கீழே உப்பு ஏறிக்கொண்டே போய், கட்ச் ரண்ணில் மறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் ஐர் ஏரி கடல்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே கிடக்கும் உப்புத்தரை. குயின்ஸ்லாந்தில் பெருமழை பெய்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீர் பயணம் செய்து அங்கே வந்து சேரும். 1974-இல் நிரம்பியதுதான் பதிவான காலத்தில் மிகப் பெரியது.

வருடம் முழுக்க வறண்டு கிடக்கும் ஆற்றை ஆறு என்று மதிக்க வேண்டுமா?

கட்டாயம். மேலே மணல், அடியில் தண்ணீர். ஒவ்வொரு வெள்ளமும் படுகையில் ஊறி நிலத்தடி நீரை நிரப்புகிறது. வேலமரங்கள் ஆற்றின் போக்கிலேயே வரிசை கட்டி நிற்பது அதைக் குடித்துத்தான். கிணறுகளும் அங்கேதான். படுகை மணலை லாரி லாரியாக அள்ளினால் நீரைத் தாங்கும் பஞ்சையே அள்ளுகிறோம்.

நமீபியாவின் குய்செப் ஆறு ஆண்டில் சில நாட்களே ஓடும். ஆனால் தெற்கே இருந்து நகர்ந்து வரும் மணற்குன்றுகளை அந்தச் சில நாள் ஓட்டம்தான் அடித்துச் சென்று தடுத்து நிறுத்துகிறது. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் ஆற்றுக்குத் தெற்கே மணற்குன்றுகள், வடக்கே சரளைச் சமவெளி என்று கோடு கிழித்தது தெரியும்.

மணற்புயலும் புழுதிப்புயலும் ஒன்றா?

இல்லை. மணல் கனமானது, காற்றில் துள்ளித் துள்ளி நகரும், பெரும்பாலும் இடுப்பு உயரத்துக்குள். புழுதி என்பது சுமார் 0.06 மி.மீ.க்கும் சிறிய துகள்; கிலோமீட்டர் கணக்கில் உயரே போய்க் கண்டம் தாண்டும். ஆனால் புழுதியைக் கிளப்பிவிடுவது மணல்தான். துள்ளி விழும் மணிகள் தரையில் மோதி இறுகிய நுண்துகள்களை உடைத்து விடுவிக்கின்றன.

படங்களில் பார்க்கும் அந்தப் புழுதிச் சுவர் எப்படி உருவாகிறது?

இடிமேகத்திலிருந்து மழை விழும்போது வறண்ட காற்றில் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆவியாதல் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று கனத்துக் கீழே சரிந்து, தரையில் மோதி, நாலா பக்கமும் பாயும். அதன் முன்விளிம்பு புழுதியை வாரிக்கொண்டு வருவதுதான் அந்தச் சுவர். சூடானில் இதை ஹபூப் என்பார்கள், இப்போது எல்லா நாட்டு வானிலையாளர்களும் அப்படியே சொல்கிறார்கள். 2011 ஜூலை 5 அன்று அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரை மூடியது சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரமுள்ள சுவர்.

எல்லாப் புழுதிப்புயலும் இப்படி வருவதில்லை. ஈராக்கிலும் வளைகுடாவிலும் வீசும் ஷமால் நாட்கணக்கில் நீடிக்கும் காற்று.

இவ்வளவு புழுதி எங்கிருந்து கிடைக்கிறது?

பெரும்பாலும் தண்ணீர் இருந்த இடங்களிலிருந்து. இதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. மணற்குன்றுகளில் நுண்துகள் குறைவு, காற்று எப்போதோ அதைச் சலித்து எடுத்துவிட்டது. நுண்வண்டல் சேர்வது ஆறுகள் முடியும் தாழ்நிலங்களில், வெள்ளம் பரவிக் காய்ந்த களிமண் தரைகளில், வற்றிய ஏரிகளில். உலகின் மிகப் பெரிய ஒற்றைப் புழுதி மூலம் சாட் நாட்டின் போடேலே பள்ளம். அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிய ஒரு மாபெரும் ஏரியின் படுகை. அங்கே பறக்கும் வெண்புழுதியில் பெரும்பகுதி அந்த ஏரியில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள். திபெஸ்தி, என்னெடி மலைகளுக்கு நடுவே குவிந்து வரும் காற்று அதைத் தூக்கிச் செல்கிறது.

இயற்கை உண்டாக்கிய மூலங்கள் போதாதென்று நாமும் உண்டாக்குகிறோம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1913 முதல் ஓவன்ஸ் ஆற்று நீரைக் குழாய்க்குத் திருப்பியதில் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே ஓவன்ஸ் ஏரி வற்றி, நாட்டின் மோசமான புழுதி மூலங்களில் ஒன்றாயிற்று. அதை அடக்க நகரம் பிறகு நூறு கோடி டாலருக்கும் மேல் செலவழித்தது. 1960-களிலிருந்து பருத்திக்காக அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பியதால் சுருங்கிய ஆரல் கடலின் தரையிலிருந்து உப்பும் பூச்சிமருந்து எச்சமும் கலந்த புழுதி ஊர்களுக்குள் வருகிறது. ஈரான்–ஆப்கன் எல்லையில் ஹாமூன் ஏரிகள் காயும் ஆண்டுகளில், சீஸ்தானின் புகழ்பெற்ற '120 நாள் காற்று' மூச்சை அடைக்கிறது. ஆற்றுநீரைப் பங்கிடும் மேசையில் காற்றின் கணக்கையும் வைக்க வேண்டும். அங்கே யாரும் வைப்பதில்லை.

புழுதியால் நன்மையே இல்லையா?

உண்டு. சகாராவிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2.77 கோடி டன் புழுதி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் படுகையில் விழுவதாக நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2015-இல் கணக்கிட்டார்கள். அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ். மழை அரித்துச் செல்லும் சத்தை ஈடுசெய்ய ஏறத்தாழ அதே அளவு தேவை. கடலில் விழும் புழுதியின் இரும்புச்சத்து மிதவை நுண்ணுயிர்களுக்கு உணவு.

உடம்புக்கு என்ன செய்யும்?

ஆஸ்துமா, இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உடனடி ஆபத்து. வீட்டுக்குள் இருங்கள்; சன்னல் இடுக்குகளில் ஈரத்துணி வையுங்கள்; வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்-95 முகக்கவசம், காற்றுப்புகாத கண்ணாடி. சாதாரணத் துணி பெரிய துகளைத்தான் தடுக்கும். அமெரிக்காவின் தென்மேற்கில் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் வித்துகள் புழுதியோடு நுரையீரலுக்குள் போய் 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' உண்டாக்குகின்றன; அங்கிருந்து திரும்பியவருக்கு வாரக்கணக்கில் இருமலும் காய்ச்சலும் நீடித்தால், போய்வந்த இடத்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வட இந்தியாவில் 2018 மே 2 அன்று வீசிய புழுதிப்புயலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது பெரும்பாலும் புழுதி அல்ல, இடிந்த சுவரும் சாய்ந்த மரமும். உறுதியில்லாத கூரைக்கும் மதிலுக்கும் அருகில் ஒதுங்க வேண்டாம்.

வண்டி ஓட்டும்போது புழுதிச் சுவர் வந்துவிட்டால்?

அதற்குள் நுழைவதற்கு முன்பே சாலையை விட்டு முழுவதுமாக இறங்கி, எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துங்கள். எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள், அவசர விளக்கையும் சேர்த்து. கைப்பிரேக் போட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக் விளக்கும் எரியக் கூடாது. சீட் பெல்ட் போட்டபடியே உட்காருங்கள். விளக்கை அணைக்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஒன்றுமே தெரியாத ஓட்டுநர் முன்னால் தெரியும் சிவப்பு விளக்கைச் சாலை என்று நம்பிப் பின்தொடர்வார், நின்றிருக்கும் உங்கள் மேல் வந்து மோதுவார். 1991 நவம்பர் 29 அன்று கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலை ஒன்றில் புழுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் அடுத்தடுத்து மோதி 17 பேர் இறந்தார்கள்.

புழுதி கிளம்பாமல் தடுக்க ஏதாவது வழி உண்டா?

மண்ணைக் கிளறாமல் விடுவதுதான் முதல் வழி. பாலைவனத் தரையில் கறுத்த, சொரசொரப்பான மேலோடு தெரிந்தால் அது உயிருள்ளது: நீலப்பச்சைப்பாசி, லைக்கன், மாஸ் என்னும் தரைப்பாசி எல்லாம் சேர்ந்து மண்ணைப் பிணைத்து வைத்திருக்கின்றன. ஒரு டயர் தடம் அதை உடைத்துவிடும். திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பாதையை விட்டு வண்டியை இறக்காதீர்கள். வற்றிய படுகைகளில் ஆரல் பகுதியில் செய்வது போலச் சக்சவுல் புதர்களை நட்டு வளர்ப்பதும் பலன் தருகிறது, ஆனால் ஆற்றுக்கு அதன் தண்ணீரைத் திருப்பித் தருவதற்கு ஈடாகாது.

புழுதிப்புயல் முடிந்ததும் மழை வருமா?

இடிமேகத்திலிருந்து வந்த சுவர் என்றால் பின்னாலேயே மழை வரலாம். சில நேரம் துளிகள் தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும், சில நேரம் கொட்டும். அதனால் புழுதிக்காக வண்டியை ஒதுக்கும்போது இடத்தைப் பாருங்கள். சாலையோரப் பள்ளம், பாலத்தடி, ஓடை குறுக்கிடும் தாழ்வான இடம் எதிலும் நிறுத்த வேண்டாம். புழுதி அடங்கிக் கண் தெரிந்ததும், கிளம்புவதற்கு முன், மலை இருக்கும் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே கருமேகம் நின்றால் அடுத்து வரும் தரைப்பாலத்தை நிதானமாக அணுகுங்கள். தண்ணீர் ஓடினால் கரையிலேயே காத்திருங்கள்.